எழுத்துக்கு எத்தனை கட்டம்?

(கணினி மாணவர்களும் தமிழ்க் கணிமை ஆர்வலர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு அணைகளின் நீர்மட்டப் பட்டியல் நன்றாகப் பழக்கப்பட்டது. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, வைகை 71 அடி, பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. பெயர் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. பள்ளிப் பிள்ளைகூட ஒரு நிமிடத்தில் தாளில் எழுதிவிடும். இதே நான்கு வரிகளை ஒரு நிரல் டெர்மினலில் அச்சிட வேண்டும், கோடு கோணாமல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய என் பேச்சு அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான்.

இந்த வேலைக்கு ஏராளமான லைப்ரரிகள் இருக்கின்றன. பைத்தானில் பிரெட்டிடேபிள், டேபுலேட், ரிச். ரஸ்ட் மொழியில் காம்ஃபி டேபிள். கோ மொழியில் டேபிள்ரைட்டர். நிரல்மொழி எதுவானாலும் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். இவையெல்லாம் அழகாகக் கோடு போடும் கருவிகள் என்று பலர் எண்ணுகிறார்கள். கோடு போடுவது இவற்றின் வேலையில் மிகச் சிறிய பகுதி. இவற்றின் உண்மையான வேலை அளப்பது. அளவு சரியாக இருந்தால் கோடு தானே நேராக நிற்கும். தமிழ் எழுத்தை எப்படி அளப்பது என்பதில் டெர்மினல் உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கட்டம் போட்ட திரை

டெர்மினல் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. எல்லாக் கட்டமும் ஒரே அகலம், ஒரே உயரம். திரை ஜன்னலாகிவிட்ட இந்தக் காலத்தில் இந்த ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றலாம். இது இயந்திரத்திலிருந்து வந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தொலைத்தட்டச்சு எந்திரம் ஒரு வரியில் 72 எழுத்து அடிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் அச்சுத்தலை ஒரே அளவு நகரும். லினக்ஸில் இன்றும் டெர்மினலின் கோப்புப் பெயர் ‘டிடிஒய்’ என்று இருக்கிறதே, அது அந்த டெலிடைப்பின் சுருக்கம்.

80 என்ற எண் அதைவிடப் பழையது. 1928-இல் ஐபிஎம் நிறுவனம் 80 நெடுவரிசைகள் கொண்ட துளை அட்டையைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த திரைகள் பல அந்த அகலத்தையே எடுத்துக்கொண்டன. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் 80 நெடுவரிசை, 24 வரிசை என்ற அளவோடு வந்தது. வேண்டுமானால் 132 நெடுவரிசைக்கும் மாற்றிக்கொள்ளலாம். இன்று உங்கள் பைத்தான் நிரல் டெர்மினலின் அகலத்தைக் கேட்டு, பதில் கிடைக்காவிட்டால் என்ன எடுத்துக்கொள்கிறது தெரியுமா? 80, 24. ஒரு துளை அட்டையின் அகலம் இன்னும் நம் நிரலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

லைப்ரரி இல்லாமல் செய்தால்

முதலில் எல்லோரும் டேப் எழுத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். டேப் என்பது வழக்கமாக எட்டு எட்டு கட்டமாகத் தாவும். பெயர்கள் எல்லாம் எட்டுக்குள் இருக்கும்வரை நன்றாக இருக்கும். ஒரு பெயர் எட்டைத் தாண்டினால் அந்த வரியின் எண் மட்டும் அடுத்த நிறுத்தத்துக்கு ஓடிவிடும்.

அடுத்து, இத்தனை இடம் ஒதுக்கி அதில் எழுது என்று சொல்லும் முறை. சி மொழியின் பிரிண்ட்எஃப் கட்டளையில் பெயருக்குப் பன்னிரண்டு இடம் ஒதுக்குகிறோம் என்று வையுங்கள். ஆங்கிலப் பெயருக்கு இது சரியாக வேலை செய்யும். நம் அணைப் பட்டியலைக் கொடுத்தால் ஓர் இடைவெளிகூடச் சேராது. காரணம், அந்தக் கட்டளை எண்ணுவது பைட்டுகளை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. மேட்டூர் 24 பைட்டு, பாபநாசம் 24, மணிமுத்தாறு 33. ஆகச் சிறிய வைகையே சரியாக 12. நான்கு பெயருமே ஒதுக்கிய இடத்தை நிரப்பிவிட்டன என்று சி நினைத்துக்கொள்கிறது; எண்கள் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன.

லைப்ரரியின் உள்ளே

அட்டவணைக்கென்றே ஒரு மென்பொருள் எழுதும் எண்ணம் புதிதல்ல. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970-களில் டிபிஎல் என்ற நிரலை எழுதினார். யூனிக்ஸின் ட்ராஃப் அச்சு முறைக்குப் போகும் முன் அட்டவணைகளை ஒழுங்குபடுத்தித் தருவது அதன் வேலை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் எழுத்து: இடப்பக்கம் ஒட்டு, வலப்பக்கம் ஒட்டு, நடுவில் வை, எண்ணாக இருந்தால் ஒன்றின் இலக்கத்தை நேராக நிறுத்து. இன்றைய லைப்ரரிகளின் விருப்பத் தேர்வுகளைத் திறந்து பாருங்கள், முதல் மூன்றும் இருக்கும்; சிலவற்றில் நான்காவதும் இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். லைப்ரரி எல்லா வரிசைகளையும் முதலில் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான உள்ளடக்கம் எது என்று பார்த்து, அதையே அந்த நெடுவரிசையின் அகலமாக வைக்கிறது. பிறகுதான் முதல் வரியை அச்சிடுகிறது. ஆகவே கடைசி வரிசையைப் பார்க்காமல் முதல் வரிசையை எழுத முடியாது. நூறு வரிசைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு கோடி வரிசைகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அப்படியே கொடுத்தால் நினைவகம் நிரம்பும், திரை வெகுநேரம் வெறுமையாக இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் தரவுக்கு அகலத்தை நாமே முன்கூட்டி நிர்ணயித்துவிடுவது நல்லது.

நெடுவரிசைகளின் கூட்டுத்தொகை திரையின் அகலத்தைத் தாண்டினால் என்ன செய்வது? இங்கேதான் லைப்ரரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. சில அப்படியே அச்சிட்டுவிடும். டெர்மினல் வரியை மடித்து, அட்டவணை சிதைந்து போகும். ரிச் லைப்ரரி, டெர்மினலின் அகலத்தைக் கேட்டறிந்து, மடிக்கக்கூடிய நெடுவரிசைகளைச் சுருக்கும். எந்த நெடுவரிசையை மடிக்கக் கூடாது, எதை வெட்டி மூன்று புள்ளி வைக்கலாம், எதற்குக் குறைந்தபட்ச அகலம் வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்பேன். நீர்மட்ட எண் பாதியில் வெட்டுப்படுவதைவிட அணையின் பெயர் மடிந்து இரண்டு வரியாவது மேல். தரவில் எது முக்கியம் என்று லைப்ரரிக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டேபுலேட் லைப்ரரி எண்கள் உள்ள நெடுவரிசையைத் தானே கண்டுபிடித்து, தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி நிறுத்தும். 71.5-உம் 118.25-உம் புள்ளி நேராக நிற்கும்போது எது பெரிது என்று கண் உடனே சொல்லிவிடும். மிக நல்ல வசதி. ஆனால் எண் போலத் தோற்றமளிக்கும் எல்லாம் எண் அல்ல. கிட் மென்பொருள் தரும் அடையாளக் குறிகளில் இலக்கங்களும் எழுத்துகளும் கலந்திருக்கும். 42992 என்ற இலக்கங்கள், பிறகு ஆங்கில ‘இ’ எழுத்து, பிறகு 1 என்று ஒரு குறி வந்தால், டேபுலேட் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 429920 என்று அச்சிடும். அதன் விளக்கக் கையேடே இந்த எடுத்துக்காட்டைத் தருகிறது; எண்ணாக மாற்றாதே என்று சொல்லும் வழியையும் தருகிறது. அடையாள எண், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு ஆகியவற்றுக்கு அந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, தரவைக் கண்மூடி நம்ப வேண்டாம். யாரோ நிரப்பிய படிவத்திலிருந்து வரும் பெயருக்குள் வரிமுறிப்பு இருக்கலாம்; டெர்மினலுக்கான கட்டுப்பாட்டுக் குறிகளே ஒளிந்திருக்கலாம். அவை திரையின் நிறத்தையும் சுட்டியின் இடத்தையும் மாற்றிவிடும். ரிச்சில் சதுர அடைப்புக்குள் வரும் சொற்களை நடைக்கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தரவில் அப்படி ஏதாவது இருந்தால் காணாமல் போகலாம். வெளியிலிருந்து வரும் தரவைத் துப்புரவு செய்தபின் அட்டவணைக்குள் வையுங்கள்.

கோடுகள்

கோட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டல் குறி, கழித்தல் குறி, செங்குத்துக் கோடு ஆகிய மூன்றை வைத்து வரைவது பழைய முறை; மைஎஸ்கியூஎல் தன் விடைகளை இன்றும் அப்படித்தான் காட்டுகிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பில் ஒற்றைக்கோடும் இரட்டைக்கோடும் மூலைகளுமாகத் தனிக் குறிகள் இருந்தன. யூனிகோடில் இப்போது இதற்கென்றே 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. ┌ ─ ┐ போன்றவை அங்கிருந்து வருபவை.

ஆனால் கோடு அழகாக இருப்பது எப்போதும் நன்மையல்ல. திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு அந்த மென்பொருள் அட்டவணையை வரிவரியாகத்தான் வாசித்துக் காட்டும். அட்டவணையின் ஒரு கட்டத்தின் உள்ளடக்கம் மூன்று வரியாக மடிந்திருந்தால், பெயரின் ஒரு துண்டு, பக்கத்து நெடுவரிசையின் ஒரு துண்டு என்று மாறிமாறிக் காதில் விழும். கோடும் மடிப்பும் இல்லாத எளிய வடிவத்தையும் உங்கள் நிரலில் ஒரு தேர்வாக வையுங்கள்.

ஒரு சொல், நான்கு அளவு

இப்போது மேட்டூருக்கு வருவோம். இந்தச் சொல்லின் நீளம் என்ன?

பைட்டுகளை எண்ணினால் 24 என்று பார்த்தோம். பைத்தானிடம் நீளம் கேட்டால் 8 என்னும், ஏனென்றால் அது யூனிகோடு எண்களை எண்ணுகிறது: ம, அதன் கொம்பு, ட, புள்ளி, மறுபடி ட, அதன் ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் மே, ட், டூ, ர் என்று நான்கு எழுத்து சொல்லும். டெர்மினலுக்கு வேண்டிய விடை இவற்றில் எதுவுமாக இல்லாமலும் போகலாம். அது கேட்பது, இந்தச் சொல் எத்தனை கட்டத்தை அடைக்கும் என்று.

இதற்குப் பதில் சொல்லவே யூனிக்ஸ் உலகில் டபிள்யூசி-விட்த் என்ற செயற்கூறு இருக்கிறது. மார்க்கஸ் கூன் எழுதிப் பொதுவில் தந்த வடிவம் பல டெர்மினல்களுக்கு முன்மாதிரியானது. அதன் விதிகள் எளியவை. சீன, ஜப்பானிய எழுத்து போன்றவற்றுக்கு இரண்டு கட்டம். மற்ற எழுத்துக்கு ஒன்று. முன்னெழுத்தின் மேலோ கீழோ ஒட்டிக்கொண்டு இடம் பிடிக்காத குறிக்குப் பூச்சியம். எந்தக் குறி இடம் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை யூனிகோடு தரும் வகைப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

தமிழ்க் குறிகளை யூனிகோடு எப்படி வகைப்படுத்தியிருக்கிறது? கொம்பும் துணைக்காலும் இடம் பிடிக்கும் குறிகள். புள்ளி இடம் பிடிக்காத குறி. இதுவரை நியாயம். இகரக் குறி இடம் பிடிப்பது, ஆனால் ஈகாரக் குறி இடம் பிடிக்காதது! விளைவைப் பாருங்கள். கூனின் விதிப்படி மின் என்ற சொல்லுக்கு மூன்று கட்டம்; மீன் என்ற சொல்லுக்கு இரண்டு கட்டம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். ஒரு நெடுவரிசையில் இந்த இரண்டு சொற்களையும் மேலும் கீழும் வைத்துவிட்டு, கோடு ஏன் கோணுகிறது என்று நிரலைத் துருவிக்கொண்டிருப்போம். நிரலில் பிழையே இருக்காது.

இதே விதிப்படி மேட்டூருக்கு ஆறு கட்டம். பைத்தானில் டபிள்யூசி-விட்த் என்ற அதே பெயரில் ஒரு லைப்ரரி உண்டு; பிரெட்டிடேபிள் அதை நம்பியிருக்கிறது, டேபுலேட் அது நிறுவப்பட்டிருந்தால் பயன்படுத்திக்கொள்கிறது. ரிச் தன்னிடமே ஓர் அகலப் பட்டியல் வைத்திருக்கிறது. 2023-இல் வெளிவந்த டபிள்யூசி-விட்த் லைப்ரரியின் பதிப்பொன்று, தமிழ் உட்பட இந்திய மொழிகளின் உயிர்க்குறிகளைப் பூச்சியம் என்று எண்ணத் தொடங்கியது. அந்தக் கணக்கில் மேட்டூர் நான்கு கட்டம். ஆக ஒரே சொல்லுக்கு 24, 8, 6, 4 என நான்கு விடைகள். லைப்ரரி நான்கு என்று கணக்கிட்டு, டெர்மினல் ஆறு கட்டத்தில் வரைந்தால் அந்த வரியின் கோடு இரண்டு கட்டம் வலப்பக்கம் போய் நிற்கும். மாறி நடந்தால் இடப்பக்கம் இழுக்கும். அளப்பவரும் வரைபவரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளாததுதான் நோய். இருவரில் யார் சரி என்பது அடுத்த கேள்வி.

அப்படியென்றால் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் தீர்ந்துவிடுமா? கணக்கு தீரும், பார்வை தீராது. கொ என்ற எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் துணைக்கால். இந்த மூன்றையும், ஆங்கில ‘ஐ’ எழுத்துக்கு ஒதுக்கிய அதே கட்டத்துக்குள் நெருக்கினால் படிக்க முடியாது. ர-வும் ஔ-வும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்று எந்தத் தமிழ் அச்சுக்கோப்பாளரும் கேட்டதில்லை. தொலைத்தட்டச்சுக்குப் பிறந்த கட்டத்துக்குள் நம் எழுத்து வருவதற்கு ஏதாவது ஒன்று வளைந்து கொடுத்தாக வேண்டும்.

இதே கொ இன்னொரு தொல்லையும் தரும். அதை க-வும் ஒகரக் குறியும் என்று இரண்டு யூனிகோடு எண்ணாகவும் எழுதலாம். க, கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அளவு மட்டும் வேறுபடும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, அளப்பதற்கு முன் தரவை யூனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தானில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். கொ எங்கிருந்து வந்தாலும் ஒரே அளவாகிவிடும்.

இரண்டாவது, இடைவெளி போட்டு நகர்வதை விட்டுவிட்டு, டெர்மினலையே நகரச் சொல்லுங்கள். சுட்டியை இந்த வரியின் இருபதாவது நெடுவரிசைக்குக் கொண்டுபோ என்று ஒரு கட்டுப்பாட்டுக் குறி உண்டு. பெயரை எழுதிவிட்டு அந்தக் குறியை அனுப்பி, பிறகு கோட்டைப் போட்டால், பெயர் எத்தனை கட்டம் அடைத்திருந்தாலும் கோடு தன் இடத்தில் நிற்கும். ஒதுக்கிய இடம் மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு எழுத்தின்மேல் ஏறும். சுட்டி இப்போது எங்கே நிற்கிறது என்று டெர்மினலிடம் கேட்கவும் வழி உண்டு. ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கேட்டால், அந்த டெர்மினல் அதற்குக் கொடுத்த உண்மையான அகலம் தெரிந்துவிடும். ஊகிப்பதற்குப் பதில் கேட்டறிவது. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்டால் வேகம் குறையும். நிரல் தொடங்கும்போது சில மாதிரி எழுத்துகளுக்குக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

டெர்மினல் எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்தும் அசைவு இருக்கிறது. கிட்டி என்ற டெர்மினல், இந்தத் துண்டு எழுத்து இத்தனை கட்டம் அடைக்கட்டும் என்று நிரலே சொல்வதற்கு ஒரு நெறிமுறையை 2025-இல் அறிமுகப்படுத்தியது. மற்ற டெர்மினல்களும் இதை ஏற்றால் அளப்பவரும் வரைபவரும் ஒரே பேச்சுக்கு வருவார்கள்.

அதுவரை பழைய யூனிக்ஸ்காரர்களின் ஒரு வழக்கம் நமக்குக் கைகொடுக்கும். கோப்புப் பட்டியலின் விரிவான வடிவத்தில் அளவு, தேதி எல்லாம் முன்னால் வந்து, கோப்பின் பெயர் கடைசியில் வரும். ஓடும் நிரல்களின் பட்டியலிலும் கட்டளையின் பெயர் கடைசியில்தான். நீளம் நிச்சயமில்லாததைக் கடைசியில் வைத்தால் அது எதையும் தள்ளிவிட முடியாது. நம் அணைப் பட்டியலில் 120-ஐ முதலில் எழுதி மேட்டூரைக் கடைசியில் வையுங்கள், வலப்பக்கக் கோட்டை எடுத்துவிடுங்கள். எந்த லைப்ரரியிலும், எந்த டெர்மினலிலும் நேராக நிற்கும். தமிழ் நெடுவரிசை ஒன்றே ஒன்று என்றால் இதைவிட மலிவான தீர்வு இல்லை.

அட்டவணையே வேண்டாத இடம் ஒன்றும் உண்டு. உங்கள் நிரலின் வெளியீடு மனிதருக்குப் போகாமல் இன்னொரு நிரலுக்குப் போனால், கோடும் நிறமும் மடிப்பும் அங்கே குப்பை. எல்எஸ் கட்டளையைத் திரையில் கொடுத்தால் பெயர்களைப் பல நெடுவரிசையாகக் காட்டும். அதையே வேறொரு கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்பினால் வரிக்கு ஒரு பெயராகத் தரும். எதிரே இருப்பது டெர்மினலா இல்லையா என்று கேட்டுப் பார்த்துத்தான் அப்படிச் செய்கிறது. உங்கள் நிரலும் கேட்கட்டும். டெர்மினல் என்றால் அட்டவணை, இல்லையென்றால் சிஎஸ்வி அல்லது ஜேசன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நான் சொன்ன லைப்ரரிகள் எல்லாம் திறந்த மூலமாக இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் சோதனைக் கோப்புகள் உண்டு. அவற்றைத் திறந்து பாருங்கள். சீன எழுத்துக்குச் சோதனை இருக்கும், எமோஜிக்கு இருக்கும். தமிழுக்கு இல்லையென்றால் நீங்கள் எழுதி அனுப்புங்கள். மின், மீன் என்று இரண்டு சொல், இரண்டு விதமாக எழுதிய கொ, ஒரு மேட்டூர். பத்து வரிகூட ஆகாது. எந்த விடை சரி என்று நீங்களும் லைப்ரரியைப் பேணுகிறவரும் விவாதிக்க வேண்டிவரும், விவாதியுங்கள். முடிவு எதுவானாலும் அது சோதனையாக உள்ளே போய்விட்டால், அடுத்த பதிப்பில் தமிழின் அளவு யாருக்கும் தெரியாமல் மாறிவிடாது. மாறினால் சோதனை தோற்கும். தோற்றால் யாராவது வந்து பார்ப்பார்கள்.